பள்ளியில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை: பிள்ளைக்குக் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

உங்கள் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு. 503-லிருந்து 298-ஐக் கழிக்கச் சொல்லி வீட்டுப்பாடம். பள்ளியில் ஒரு எண்கோடு வரைந்து அதில் தாவித் தாவிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கடன் வாங்கிக் கழிக்கிற வழியைக் காட்டினீர்கள், அவள் குழம்பி அழுதுவிட்டாள், மறுநாள் "வீட்டில் வேறு முறை சொல்லித்தர வேண்டாம்" என்று நோட்டில் ஆசிரியர் எழுதி அனுப்பிவிட்டார். இரண்டு வரியில் முடிகிற கணக்கை எதற்கு ஒரு பக்கத்துக்கு இழுக்கிறார்கள், என் முறையைச் சொல்லித்தரலாமா கூடாதா, பேசாமல் டியூஷனில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன். வீட்டில் இரண்டு பிள்ளைகளின் நோட்டையும் பார்க்கிறவன். அதனால் அந்தக் குறிப்பை எழுதியவரின் எரிச்சலும் தெரியும், அதைப் படித்தவரின் எரிச்சலும் தெரியும். என் பதில்: இப்போதைக்கு உங்கள் முறையைக் காட்ட வேண்டாம், கொஞ்சம் கழித்துத் தாராளமாகக் காட்டுங்கள். அதைவிட முக்கியமாக, எந்த முறை என்ற சண்டையை விட்டுவிட்டு, அவள் போடுகிற கணக்குக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அவள் நம்புகிறாளா என்று பாருங்கள். பள்ளி சரியாகச் செய்கிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

முதலில் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் முறையில் 3-லிருந்து 8 போகாது, பக்கத்தில் கேட்கலாம் என்றால் அங்கே பூஜ்ஜியம், அதனால் அதற்கும் அடுத்த இடத்துக்குப் போய் 5-ஐ 4 ஆக்கி, பூஜ்ஜியத்தைப் பத்தாக்கி, உடனே அதை 9 ஆக்கி, 3-ஐ 13 ஆக்கி, அப்புறம்தான் கழிக்கவே ஆரம்பிக்கிறோம். எண்கோட்டில் 298-லிருந்து 300-க்கு 2, அங்கிருந்து 503-க்கு 203, ஆக 205. மனக்கணக்காகப் போடச் சொன்னால் நீங்களும் ஏறக்குறைய இப்படித்தான் போடுவீர்கள். இரண்டு எண்ணோடும் 2-ஐக் கூட்டினால் 505-லிருந்து 300, அதே விடை. ஆனால் 842-லிருந்து 367 என்று வந்தால் தாவுவதுதான் சுற்றுவழி, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழிப்பது சுலபம். எண்ணைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கத் தெரிவதுதான் கணக்கு தெரிவது. எண்கோடு ஓர் இடைப்படி. அதுவே முடிவும் ஆகிவிட்டால் பள்ளி தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் முறையை ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன்? இந்தக் கணக்குக்குப் பிள்ளைகள் அடிக்கடி எழுதுகிற தவறான விடை 395. எப்படி வருகிறது என்று பாருங்கள்: 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் 5, 0-க்கும் 9-க்கும் 9, 5-க்கும் 2-க்கும் 3. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டார்கள். 1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை இப்படி அலசி, அவற்றில் பல கவனக்குறைவில் வருவதில்லை, ஒரு தவறான விதியைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன என்று காட்டினார்கள். நாமோ சிவப்பு மையில் "கவனம் தேவை" என்று எழுதி அனுப்புகிறோம். பிள்ளை கவனமாகத்தான் இருந்தது! 503 என்பது ஐந்து நூறும் மூன்று ஒன்றும், அதையே நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று என்றும் பிரிக்கலாம் என்பது தெரியாத பிள்ளைக்கு, அடித்து அடித்து மேலே சின்ன எண் எழுதுகிற நம் முறை வெறும் சடங்கு. பாதி சடங்கு ஞாபகம் இருக்கும், பாதி மறந்துபோகும், மறந்த இடத்தைப் பிள்ளை தன் சொந்த விதியால் நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று. நாம் "பழைய முறை" என்று பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு காலத்தில் புதுசாக இருந்ததுதான். கடன் வாங்கும்போது எண்ணை அடித்து மேலே எழுதுவதை அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊன்றுகோல் என்று குறை சொன்னார்கள். 1939-இல் வில்லியம் பிரௌனெல் என்ற கல்வி ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்து, பிள்ளைகளுக்கு உதவுகிறது என்று சொன்ன பிறகுதான் அது பரவலாயிற்று. வேறு சில நாடுகளில் மேல் எண்ணின் ஒன்றுகளோடு பத்தையும், கீழ் எண்ணின் பத்துகளோடு ஒரு பத்தையும் கூட்டிக் கழிக்கும் வழியைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கற்றார்கள். அதனால் எண்கோட்டைப் பார்த்ததும் ஏதோ புதுமைப் பைத்தியம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அதற்காகப் பெற்றோரின் சந்தேகம் எல்லாமே அறியாமை என்றும் நான் சொல்ல மாட்டேன். 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்காவில் "புதிய கணிதம்" என்று ஒன்றை வேகவேகமாகப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார்கள், கணங்கள், பத்துபத்தாகச் சேர்ப்பதற்குப் பதிலாக வேறு எண்ணை அடிமானமாக வைத்து எழுதுகிற எண்கள் என்று தொடக்கப் பள்ளியிலேயே. அதை வடிவமைத்தவர்களுக்குக் கணிதம் நன்றாகத் தெரியும். வகுப்பில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுக்குப் போதுமான பயிற்சி கிடைக்கவில்லை, பெற்றோர் பலருக்கு அது புரியவும் இல்லை. 1970-களில் "அடிப்படைக்குத் திரும்புவோம்" என்று எல்லாம் தலைகீழானது. இப்போதும் பல வகுப்பறைகளில் நடப்பது இதன் சின்ன வடிவம்தான். எண்கோடு, கட்டம், பிரித்து எழுதுவது எல்லாம் யோசிக்க உதவட்டும் என்று வந்தவை, வகுப்புக்கு வந்து சேர்வதற்குள் அவையும் மனப்பாடம் செய்ய வேண்டிய முறைகளாக ஆகிவிடுகின்றன. நம் காலத்தில் ஒரு சடங்கு, இப்போது நான்கு! விடை சரி, வழியும் சரி, ஆனால் சொன்ன முறையில் போடவில்லை என்று மார்க் வெட்டுகிறார்கள். 3 × 5-ஐ 5 + 5 + 5 என்று எழுதாமல் 3 + 3 + 3 + 3 + 3 என்று எழுதியதற்காக மார்க்கை வெட்டுவது என்னைப் பொறுத்தவரை அபத்தம். வகுப்பில் பேசும்போது "மூன்று ஐந்துகள்" என்று ஒரே மாதிரி சொல்வது வசதி, சரி. வரிசை மாறினாலும் விடை மாறாது என்று கண்டுபிடித்த பிள்ளையைத் தண்டிக்க அது காரணமாகாது.

பெற்றோர் பலரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, மார்க் நன்றாக வந்தால் எல்லாம் நன்றாகப் போகிறது என்று விட்டுவிடுவது. கணிதக் கல்வி படித்தவர்களுக்கு பென்னி என்ற பையனைத் தெரிந்திருக்கும் (ஆய்வுக்காக வைத்த பெயர்). ஆறாம் வகுப்பு, தானாகவே பயிற்சித்தாள்களைப் போட்டு, 80 சதவீதம் எடுத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகிற ஒரு திட்டத்தில் இருந்தான், அந்த வகுப்பில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவன். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அவனோடு உட்கார்ந்து பேசி 1973-இல் எழுதியதைப் படித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். பின்னத்தைத் தசமமாக மாற்றச் சொன்னால் பென்னி மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டி எங்கோ ஒரு புள்ளி வைத்துவிடுவான். அவன் கணக்கில் 5/10 என்பது 1.5. 4/11-ம் 1.5, 11/4-ம் 1.5. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்ற உறுத்தலே அவனுக்கு இல்லை, ஏனென்றால் கணக்கு என்பது யாரோ உட்கார்ந்து உண்டாக்கிய விதிகள், நம் வேலை விடைத்தாளில் இருக்கிற விடை எது என்று கண்டுபிடிப்பது என்று நினைத்திருந்தான். அவன் மந்தமான பிள்ளை இல்லை. தானே விதிகளை உண்டாக்கி, விடைத்தாளோடு ஒத்துப்போகிற மாதிரி திருத்திக்கொண்டே போன கெட்டிக்காரப் பிள்ளை. வருடக்கணக்கில் ஒருவரும் அவனிடம் "எப்படிப்பா போட்டாய்?" என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பென்னி ஒரு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். 1980 வாக்கில் பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள்: கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு விடை எழுதினார்கள். அமெரிக்காவில் 1983-ஆம் வருடத்துத் தேசிய மதிப்பீட்டில் (நாடு முழுக்கப் பிள்ளைகளின் தேர்ச்சியை அளக்கிற தேர்வு) 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது இது: ஒரு பஸ்ஸில் 36 வீரர்கள் போகலாம், 1,128 வீரர்களுக்கு எத்தனை பஸ் வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகத்தான் போட்டார்கள். அதில் நிறையப் பேர் விடையாக எழுதியது "31, மீதி 12". 32 என்று எழுதியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மீதிப் பன்னிரண்டு பேரை ரோட்டில் நிற்க வைத்துவிட்டார்கள். கணக்கு தெரியாததால் இல்லை, கணக்கு வகுப்பில் பஸ் என்றால் நிஜ பஸ் இல்லை என்று பள்ளியிலேயே கற்றுக்கொண்டதால்.

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய காரணம், அவசரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற குறுக்குவழிகள். "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்று வந்தால் கூட்டு." இதைப் பள்ளியும் செய்கிறது, வீட்டில் நாமும் செய்கிறோம். "கண்ணனிடம் 8 பந்து இருக்கிறது, அது மாலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம், மாலாவிடம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். அதிகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 11 என்று வரும். இதே ஜாதியில் இன்னும் இருக்கின்றன: பத்தால் பெருக்கக் கடைசியில் ஒரு பூஜ்ஜியம் போடு (2.5-ஐப் பெருக்கினால் 2.50 என்று எழுதுவார்கள்), பெருக்கினால் எண் பெரிதாகும், சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்கவே முடியாது. மூன்றாம் வகுப்பில் எல்லாம் பலிக்கும், இரண்டு மூன்று வருடம் போனால் ஒவ்வொன்றாகப் பொய்த்துப்போகும், அப்போது பிள்ளைக்கு "கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது" என்ற எண்ணம் வந்துவிடும்.

சமக்குறியையும் சொல்லியாக வேண்டும், இதைப் பெற்றோர் யாரும் கவனிப்பதில்லை. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள். அமெரிக்காவில் ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரும், ஒருவர் விடாமல், 12 அல்லது 17 என்று எழுதினார்கள். விடை 7. வருடக்கணக்காக 8 + 4 = என்று எழுதி வலது பக்கத்தில் விடை போட்டே பழகியதால், "சமம்" என்றால் "விடையை இங்கே எழுது" என்று அவர்களுக்குப் பதிந்துவிட்டது. இந்த அர்த்தத்தோடு இயற்கணிதத்துக்குப் போகிற பிள்ளைக்கு, இரண்டு பக்கமும் 5-ஐக் கழிக்கலாம் என்றால் எதற்கு, ஏன் என்று எதுவும் புரியாது. பின்னங்களிலும் இதே கதை. 1978-இல் அதே அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்று நான்கு விடை கொடுத்தார்கள். இரண்டு பின்னமும் ஒன்றை ஒட்டி இருப்பதால் 2 என்று சொன்னவர்கள் 24 சதவீதம். பாதிக்கு மேல் 19 அல்லது 21-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, அப்படியானால் புரிந்தால் போதும், மனப்பாடம் எதற்கு என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. வாய்ப்பாடு தெரிந்தே ஆக வேண்டும். நீண்ட வகுத்தலின் நடுவில் 7 × 8-ஐ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளை, எண்ணி முடிப்பதற்குள் எங்கே இருந்தோம் என்பதை மறந்துவிடும். ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியது மிகவும் கொஞ்சம், அதைச் சில்லறை வேலைக்குச் செலவழித்தால் யோசிக்க இடம் இருக்காது. இத்தனைக்கும் அது பெரிய சுமையும் இல்லை. பத்து வரை வாய்ப்பாட்டில் நூறு பெருக்கல், திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான் என்பதால் 55 ஆகிறது, அதில் 1, 2, 5, 10 பிள்ளைக்குத் தானாகவே வந்துவிடும், மிஞ்சுவது 21. இருபத்தொன்றே! 6 × 8 வரவில்லை என்றால் 5 × 8 = 40, இன்னும் ஓர் எட்டு 48 என்று போகலாம், அப்படிப் போய்ப் போய்த்தான் அது நிலைக்கும். வேண்டாதது ஒன்றுதான்: கடிகாரத்தை வைத்து, வகுப்பு முன்னால் யார் முதலில் என்று ஓடவிடுவது. பதற்றமும் அந்தக் கொஞ்ச இடத்தைத்தான் தின்கிறது, தெரிந்த விடையும் வராமல் போகும்.

பதற்றம் வீட்டிலிருந்தும் போகும். 2015-இல் எரின் மலோனி, சியான் பெயிலாக் முதலான ஆய்வாளர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்தார்கள். கணக்கு என்றாலே பயப்படுகிற பெற்றோர், வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிசெய்தால், அந்தப் பிள்ளைகள் வருடக் கடைசியில் குறைவாகக் கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே பயம் இருந்தும் அவ்வளவாக உதவிக்குப் போகாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. ஆக "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் அப்படித்தான்" என்று ஆறுதலுக்குச் சொல்வதைக்கூட நிறுத்திவிடுங்கள், அது ஆறுதல் இல்லை.

வீட்டில் என்ன செய்வது என்றால், சொல்லிக்கொடுப்பதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுங்கள். "எப்படிப் போட்டாய், சொல்லேன்" என்பதை விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். தப்பாக இருக்கும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்த உடனே ரப்பரை எடுத்து அழித்துவிடுவாள். கணக்கைத் தொடங்கும் முன் "ஏறக்குறைய எவ்வளவு வரும்?" என்று ஒரு வார்த்தை. 503 என்பது ஐந்நூறு பக்கம், 298 முந்நூறு பக்கம், விடை இருநூறை ஒட்டி வர வேண்டும் என்று முதலில் சொல்லிப் பழகிய பிள்ளை, 395 வந்தால் தானே முகம் சுளிக்கும். அவள் தாவித் தாவி 205 கொண்டுவந்துவிட்ட பிறகு, 503-ஐ வேறு எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று பேசுங்கள், 400-ம் 90-ம் 13-ம் என்று அவள் வாயிலிருந்து வரட்டும். அதற்கப்புறம் உங்கள் கடன் முறையைக் காட்டினால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வாள், அந்தச் சின்ன எண்கள் என்ன என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்.

ஆசிரியரிடம் போங்கள், ஆனால் "ஏன் இந்த முறை" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் பாடத்திட்டத்தைக் காட்டிவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கழிப்பது எப்போது வரும் என்று கேளுங்கள். அடுத்த பருவம், அடுத்த வருடம் என்று தெளிவான பதில் வந்தால் பொறுத்திருக்கலாம். வரவே வராது என்றாலோ, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் 7,042-லிருந்து 3,658-ஐக் கோடு போட்டுத்தான் கழிக்கிறார்கள் என்று தெரிந்தாலோ கவலைப்படுங்கள். சரியான வழியில் வந்த சரியான விடைக்கு மார்க் குறைத்தால் விடாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

டியூஷனைப் பொறுத்தவரை, அவசரப்பட வேண்டாம். இரண்டு வகுப்பு முன்னால் கொண்டுபோகிறோம், தினமும் ஐம்பது கணக்கு என்று சொல்கிற இடங்கள் பென்னியைப் போன்ற பிள்ளைகளை நிறைய உண்டாக்கும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால், ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து, சொல்லிக்கொடுப்பவர் பிள்ளையின் தப்பு விடையைப் பார்த்ததும் அடித்துவிட்டுச் சரியானதை எழுதுகிறாரா, எப்படி வந்தது என்று கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அதற்கும் முன்னால் அவளிடம் மூன்று கணக்கு கொடுங்கள்: 500 − 1, 61 − 58, 503 − 298. 500 − 1-க்குக் கோடு வரைந்தாலோ கடன் வாங்க ஆரம்பித்தாலோ, எண்ணைப் பார்க்காமல் முறையைத்தான் பார்க்கிறாள். 61 − 58-க்கு 17 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிற அந்த விதி அவளிடம் இருக்கிறது, இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும், அதையே ஆசிரியரிடமும் சொல்லுங்கள். முதல் இரண்டும் பளிச்சென்று வந்து மூன்றாவதில் மட்டும் திணறினால், டியூஷன் வேண்டாம், இன்னும் கொஞ்சம் நாள் போதும்.